எஸ்-10 பிக்அப்பில் ஏர் சஸ்பென்ஷன்: ஓடும் உயரத்திலிருந்து தொடங்கிய வேலை

வண்டியில் ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்பே அதை எடைமேடைக்கு ஓட்டிப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் எடை போடுகிற மேடை அது. முன் அச்சில் 1,740 பவுண்டு, பின் அச்சில் 1,240, மொத்தம் 2,980 என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டு இன்னமும் என் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பலூன் வைத்து, வண்டியைச் சேசிஸ் தரையில் படும்வரை இறக்கி ஏற்றுகிற இந்த வேலையில் இறங்குகிற பலர், வண்டி எவ்வளவு கீழே இறங்கும் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். என் முதல் கேள்வி, எந்த உயரத்தில் ஓடப்போகிறது என்பது. படுத்துக் கிடக்கிற வண்டிக்கு ஒரு வேலையும் இல்லை. அதன் எடை முழுக்கச் சேசிஸ் வழியாகத் தரையில் இறங்கிவிடுகிறது. எழுந்து ஓடும்போதுதான் ஒவ்வொரு போல்ட்டும் வேலை பார்க்கிறது.

வண்டி 1996 ஷெவர்லே எஸ்-10. ஒற்றைக் கேபின், ஆறடித் தொட்டி, 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், ஐந்து கியர். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தது. 1,800 டாலருக்கு வாங்கினேன். நான் இருப்பது டெக்ஸஸில் சான் அன்டோனியோ. பிறந்து வளர்ந்தது நாமக்கல். அப்பா அங்கே லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராக இருந்தவர். எனக்கு வெல்டிங் அவரிடம் கற்க வாய்க்கவில்லை. இங்கே கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்புக்குப் போய்த்தான் கற்றேன். ஆனால் வேலையின் பாதி அவரோடு ஃபோனில் பேசிப் பேசித்தான் முடிந்தது.

மற்றொரு பாதி, இரண்டு வீடு தள்ளி இருக்கிற மெக்சிகோ வம்சாவளிப் பெரியவரால். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தெற்குக் கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர், லோரைடர் என்கிற தாழ்த்திய கார்களுக்கு நடுவிலேயே இளமையைக் கழித்தவர். என்னை ‘மிஹோ’ என்றுதான் கூப்பிடுவார். ஸ்பானிஷில் அது ‘மகனே’. முதல் நாள் கராஜுக்குள் வந்து எஸ்-10-ஐச் சுற்றிப் பார்த்துவிட்டு, கை பிடித்து உட்கார வைத்து ஒரு பழைய கதை சொன்னார். 1958 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: வண்டியின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக்கூடாது. ஸ்பிரிங்கை வெட்டி நிரந்தரமாகத் தாழ்த்தியவர்கள் எல்லாரும் மாட்டினார்கள். அப்போது ரான் அகிரே என்ற இளைஞர், விமானத்தில் பயன்படுகிற ஹைட்ராலிக் பம்பையும் சிலிண்டரையும் தன் கார்வெட்டில் பொருத்தினார். போலீஸைப் பார்த்தால் வண்டி எழும்பும், போன பிறகு இறங்கும். இன்று நான் சுவிட்சை அழுத்தி ஏற்றி இறக்குகிற வண்டிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சட்டப் பிரிவு நீங்கியதே 2024 ஜனவரியில்தான். “அறுபத்தாறு வருஷம், மிஹோ” என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

சின்ன பிக்அப்களின் கதை கொஞ்சம் வேறு. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட, பதிலடியாக அமெரிக்கா வெளிநாட்டு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. 1964-ல் நடைமுறைக்கு வந்த அந்த வரி இன்னமும் இருக்கிறது. அதையும் சமாளித்துக்கொண்டு டாட்சன், டொயோட்டா, மாஸ்டா சின்ன பிக்அப்கள் கலிஃபோர்னியாவில் குவிந்தன. ஷெவர்லேகூட இசுசு வண்டியை ‘லவ்’ என்ற பெயரில் விற்றது. அதன் இடத்துக்கு 1982-ல் வந்ததுதான் எஸ்-10. விலை குறைவு, சேசிஸ் தனி, பாடி தனி, இளைஞர்கள் கை வைக்கத் தோதான வண்டி. தாழ்த்துகிற பழக்கம் அந்த வண்டிகளில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பை. விபத்தில் விரிகிற ஏர் பேக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகப் பலூன் என்றே எழுதுகிறேன். ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸுக்கு அடியில் பார்த்திருப்பீர்கள். இரட்டை மடிப்பு பலூன். முழுக்க அமுங்கினால் சுமார் 3 அங்குலம், ஓடும்போது 5 அங்குலம் உயரம். அது தாங்கும் பாரம், உள்ளே இருக்கும் அழுத்தத்தை அதன் பயனுறு பரப்பால் பெருக்கினால் வருவது. என் பலூனுக்கு ஓடும் உயரத்தில் அந்தப் பரப்பு ஏறக்குறைய 19 முதல் 20 சதுர அங்குலம். முன் சக்கரம் ஒன்றுக்கு 870 பவுண்டு. சக்கரம், பிரேக் எடையைக் கழித்தால் 780. ஆனால் பலூன் உட்காருவது சக்கரத்தின்மேல் இல்லை, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில். என் அளவில், சேசிஸ் பக்கத்திலிருந்து ஆர்மின் நீளத்தில் 58 சதவீத இடத்தில். நெம்புகோல் கணக்குப்படி பலூனுக்கு வருவது 780-ஐ 0.58-ஆல் வகுத்தால் கிடைக்கும் 1,345 பவுண்டு. அதை 19.5-ஆல் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு 69 பவுண்டு, அதாவது 69 பி.எஸ்.ஐ. பின்னால் பலூன் நேராக அச்சுமேலேயே உட்காருவதால் நெம்புகோல் இல்லை: அச்சு, சக்கர எடை போக 480 பவுண்டு, 25 பி.எஸ்.ஐ. இந்த இரண்டு எண்ணையும் பென்சிலால் சீட்டுக்குக் கீழே எழுதி வைத்தேன். கடைசியில் எவ்வளவு வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பின்பக்கத்தில்தான் வேலையைத் தொடங்கினேன். தொட்டியை நாலு பேர் தூக்கி வெளியே வைத்தோம். பெட்ரோல் டேங்க் இந்த வண்டியில் டிரைவர் பக்கச் சேசிஸுக்கு உள்ளே தொங்குகிறது, பிளாஸ்டிக். வெல்டிங் பொறி தெறிக்கிற இடம். அதைக் கழற்றி வீட்டுக்கு வெளியே, தெருவை ஒட்டி வைத்தேன். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் இரண்டையும் பிரித்துச் சுருட்டிக் கட்டினேன். பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றினேன். இதில் எதையும் ‘பரவாயில்லை, சின்ன வெல்டுதானே’ என்று விடாதீர்கள்.

பின்னால் இருந்த பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றியபோது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பட்டை ஸ்பிரிங் இரண்டு வேலை செய்கிறது. பாரத்தைத் தாங்குகிறது, அச்சு முன்னே பின்னே போகாமல், பக்கவாட்டில் நகராமல், முறுக்கிக்கொள்ளாமல் பிடித்தும் வைக்கிறது. பலூனுக்குத் தெரிந்தது தாங்குவது மட்டும். பிடித்து வைப்பதற்கு வேறு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நான்கு கம்பி: கீழே இரண்டு நேராக, மேலே இரண்டு சாய்வாக அச்சுக் கூட்டின் நடுவை நோக்கி. மேல் கம்பிகளின் சாய்வுதான் அச்சைப் பக்கவாட்டில் அசையாமல் வைக்கிறது.

அதற்கு முன்னால் சேசிஸை வெட்ட வேண்டும். வண்டி தரையில் படும்போது பின் அச்சின் குழாய் மேலே ஏறிச் சேசிஸ் தண்டில் இடிக்கும். என் புது டயருக்கு ஆரம் பன்னிரண்டு அங்குலம். அச்சு நடுப்புள்ளி அங்கே நிற்கும், அதற்குக் கீழே வராது. தரை எழுந்து வராது, அச்சும் இறங்காது, ஆகவே சேசிஸ்தான் வழிவிட வேண்டும். கணக்குப் பார்த்ததில் ஆறு அங்குலத்துக்கு மேல் ஏற்றம் தேவைப்பட்டது. சின்னதாக ‘சி’ வடிவில் நறுக்கினால் போதாது. தண்டின் ஒரு பகுதியையே எடுத்துவிட்டு, பாலம் மாதிரி மேலே ஏறி இறங்குகிற பெட்டிக் குழாயை வைக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு அங்குலக் குழாய், சுவர்க் கனம் கால் அங்குலம்.

வெட்டுவதற்கு முன் சேசிஸை அப்படியே உறையவைக்க வேண்டும். இடது தண்டையும் வலது தண்டையும் சேர்த்து இரண்டு குறுக்குக் குழாய், ஒவ்வொரு பக்கமும் வெட்டப்போகிற இடத்துக்கு மேலே தாண்டிப் போகிற ஒரு நீளக் குழாய், எல்லாம் தற்காலிகமாக வெல்டு வைத்தேன். ஆறு ஜாக் ஸ்டாண்ட். அப்புறம் மூலைக்கு மூலை நாடா பிடித்து அளந்தேன். முன் ஓட்டையிலிருந்து எதிர்ப்பக்கப் பின் ஓட்டை வரை இரண்டு திசையிலும் ஒரே அளவு வர வேண்டும். எனக்கு பதினாறில் ஒரு பங்கு அங்குல வித்தியாசம் இருந்தது. தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்க வேண்டும். அதை எழுதிவைத்தேன், வெட்டிய பிறகும் அதே வித்தியாசம் இருக்க வேண்டும் என்பதற்காக.

கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செங்குத்தாக, நேர்க்கோட்டில் வெட்டக் குறித்திருந்தேன். உடனே தடுத்தார். “நேரா வெட்டாத சாமி. லாரி சேஸ் ஜாயின்ட் என்னிக்காச்சும் நேரா போட்டுப் பாத்திருக்கியா? சாய்ச்சு வெட்டு. மேல பட்டை கிழிஞ்சா கீழ பட்டை தாங்கோணும்.” சேசிஸ் வளையும்போது மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் அதிக இழுவையைத் தாங்குகின்றன. ஒரே செங்குத்துக் கோட்டில் வெல்டு இருந்தால் இரண்டு விளிம்பின் பலவீனமும் ஒரே இடத்தில் வந்து சேருகிறது. சாய்வாக வெட்டினால் மேல் வெல்டு ஓரிடத்தில், கீழ் வெல்டு நாலு அங்குலம் தள்ளி. போட்ட கோட்டை அழித்துவிட்டு 45 பாகை சாய்வில் மறுபடி குறித்தேன். மூட்டின்மேல் ஒட்டுகிற தகடும் அதே காரணத்துக்காகத்தான் சதுரமாக இல்லாமல் வைர வடிவில் இருக்கிறது.

வெல்டிங் மெஷின் 220 வோல்ட் மிக், வெல்டுக் கம்பியைச் சுருளிலிருந்து தானே ஊட்டுகிற வகை. கால் அங்குல இரும்புக்குக் குறைந்த மெஷினை நம்ப வேண்டாம். மேலே அழகாகப் படிந்து உள்ளே பிடிக்காமல் இருக்கும். வண்டியில் வைப்பதற்கு முன் மிச்சத் துண்டுகளில் எட்டு வெல்டு போட்டேன். ஒவ்வொன்றையும் குறுக்காக வெட்டி, மணல்தாள் போட்டுத் தேய்த்து, இரும்புக்குள் எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்று பார்த்தேன். மூன்று துண்டை வைஸில் வைத்துச் சுத்தியலால் மடக்கினேன். முதல் இரண்டில் வெல்டு ஓரமாகப் பிய்ந்தது. மூன்றாவதில் இரும்பு மடங்கியது, வெல்டு அப்படியே நின்றது. அந்த அமைப்பில்தான் வண்டியைத் தொட்டேன். சேசிஸில் ஒரே மூச்சில் ஓட்டாமல் ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தேன், சூட்டில் இழுத்துக்கொள்ளாமல் இருக்க. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சனி ஞாயிறு ஆனது. ஆகஸ்ட் மாத சான் அன்டோனியோ வெயிலில் கராஜுக்குள் பகல் பதினொன்றுக்கு மேல் நிற்க முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்குவேன்.

தற்காலிகக் குழாய்களை அறுத்து எடுத்தபின் நாடா பிடித்தேன். அதே பதினாறில் ஒன்று. பெரியவர் அன்று வந்திருந்தார். வெல்டின்மேல் கட்டைவிரலை வைத்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் விரல் நின்றது. அந்த இரண்டு இடத்திலும் வெல்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம், கண்ணுக்கு நிழல் மாதிரி மட்டும் தெரிந்தது. ஓரத்தில் இப்படிக் குழி விழுந்தால் வெடிப்பு அங்கேதான் பிறக்கும். அரைத்து எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

அடுத்தது நான்கு கம்பி. ஒரு கடையிலிருந்து தயாராக வாங்கினேன். கம்பி ஒவ்வொன்றும் 20 அங்குலம். ஓடும் உயரத்தில் கீழ்க் கம்பிகள் தரைக்கு இணையாக இருக்கும்படி பிடிமானங்களை வைத்தேன். காரணம் இருக்கிறது. கம்பி ஒரு வட்டத்தில் சுழல்கிறது. நடு நிலையிலிருந்து அச்சு நாலு அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் முன்னோக்கி 0.4 அங்குலம்தான் நகரும். படுத்திருக்கும் நிலையில் இணையாக வைத்தால், எழும்போது மொத்தமும் ஒரே திசையில் போய், சக்கரம் தொட்டியின் வளைவுக்கு நடுவில் நிற்காமல் முன்னால் தள்ளி நிற்கும். பார்த்திருக்கிறேன், கண்ணுக்கு உறுத்தும்.

கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழல்தண்டு சேருகிற பின் அச்சின் மூக்கு எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்பதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தத் தண்டின் இரண்டு முனையிலும் இருக்கும் ஜாயின்ட் கிராஸ் ஒரு கோணத்தில் சுழலும்போது சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸில் வரும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் ஈடுகட்ட வேண்டுமென்றால் கியர் பாக்ஸின் வால் கோடும் அச்சின் மூக்குக் கோடும் இணையாக இருக்க வேண்டும். என் கியர் பாக்ஸ் 3.5 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. ஓடும் உயரத்தில், டயர் தரையில் நிற்கும் நிலையில், மூக்கை 3 பாகை மேல்நோக்கி வைத்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மூக்கு இன்னும் கொஞ்சம் ஏறும், அதற்கு அரை பாகை. வண்டி படுத்திருக்கும்போது இந்தக் கோணம் கெட்டுத்தான் போகும். போகட்டும், அப்போது யாரும் நூறு கிலோமீட்டரில் ஓட்டப்போவதில்லை.

மேல் கம்பிகளின் சேசிஸ் பக்கப் பிடிமானத்தில் தப்பு செய்தேன். வெறும் சேசிஸில் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தபோது தாராளமாக இடம் இருந்தது. தொட்டியை ஏற்றி வைத்தபின் இறக்கினால், கடைசி இரண்டு அங்குலத்தில் இடது மேல் கம்பி தொட்டித் தரையின் விட்டத்தில் உட்கார்ந்தது. தொட்டியை மறுபடி இறக்கி, பிடிமானத்தை அறுத்து, முக்கால் அங்குலம் கீழே வைத்தேன். ஒரு முழு வாரம் போனது. வெறும் சேசிஸில் பொருத்தும்போதே தொட்டியின் விட்டங்கள் வரும் இடத்தில் ஒரு மரச்சட்டத்தைக் கட்டிவைத்துப் பார்த்திருக்கலாம்.

முன்பக்கம். காயில் ஸ்பிரிங்கை எடுப்பது ஆபத்தான வேலை. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். ஸ்பிரிங்குக்குள் சங்கிலியை விட்டுச் சேசிஸோடு கட்டி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கை வைத்து, ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் பிரித்தபின் ஜாக்கை ஒவ்வொரு விரற்கடையாக இறக்கினேன். முகம் எப்போதும் பக்கவாட்டில். பிறகு இரண்டு அங்குலம் தாழ்த்திய ஸ்பிண்டில், அதாவது சக்கரம் சுழலும் முளை. இதனால் சக்கரம் மேலே போகிறதே தவிர ஆர்ம்களின் கோணம் மாறுவதில்லை. பலூனை மட்டும் வைத்து இறக்கியிருந்தால் ஓடும் உயரத்தில் ஆர்ம்கள் மேல்நோக்கிச் சாய்ந்து நின்று, ஸ்டியரிங் ஒவ்வொரு மேட்டிலும் இழுத்திருக்கும்.

இந்த வண்டியில் முன் ஷாக் அப்சார்பர் காயிலுக்கு நடுவில் நிற்கிறது. பலூன் வந்தால் அதற்கு இடம் கிடையாது. நிறையப் பேர் இங்கே ஷாக்கையே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். காற்றும் ஸ்பிரிங்தான். அமுக்கினால் திருப்பித் தள்ளும், அந்த ஆட்டத்தைத் தானாக நிறுத்தாது. ஷாக் இல்லாத வண்டி ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறினால் மூன்று நான்கு முறை துள்ளும். வளைவில் அப்படித் துள்ளினால் டயருக்குத் தரையில் பிடி இருக்காது. கீழ் ஆர்மின் பின்பக்கம் ஒரு பிடிமானம், சேசிஸின் வெளிப்பக்கம் ஒன்று. ஒரு நாள் வேலை, இரண்டு ஷாக். இந்த முழு வேலையில் மிக மலிவான பாதுகாப்பு அதுதான்.

பலூன் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கும் முறையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் முதலில் செய்த முறை போதவில்லை. காயில் உட்கார்ந்த குழியின் விளிம்பை வெட்டி, மேல் கிண்ணத்தைப் பொருத்தியபின், சுண்ணாம்புக் கட்டியைத் தண்ணீரில் குழைத்துக் குழியின் உட்புறம் முழுக்கத் தடவினேன். பலூனை ஊதி இறக்கி, முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ரப்பரில் வெள்ளை ஒட்டவில்லை. நிம்மதியாக மூடினேன்.

ஓட்டத் தொடங்கி இரண்டாவது வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை, சோப்புத் தண்ணீரோடு லீக் பார்க்க அடியில் படுத்திருந்தேன். டார்ச்சை இடது முன் பலூன்மேல் சாய்த்துப் பிடித்தபோது மேல் மடிப்பில் ஒரு கோடு பளபளத்தது. தலைமுடி அகலம், இரண்டு அங்குல நீளம். மற்ற ரப்பர் எல்லாம் மங்கிய கறுப்பு, இந்தக் கோடு மட்டும் பாலிஷ் போட்ட ஷூ மாதிரி. விரல் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே இறங்கியது. சோப்புத் தண்ணீரில் குமிழி இல்லை, காற்று போகவில்லை. ஆனால் பள்ளத்தின் அடியில் நூலிழை தெரிந்தது, இரண்டு மூன்று வெளிர் நூல்கள். இன்னும் ஒரு நூறு மைல் ஓடியிருந்தால் வெடித்திருக்கும்.

காரணம் புரிய ஒரு மணி நேரம் ஆனது. பலூன் காற்றோடு அமுங்கும்போதுதான் பக்கவாட்டில் மிக அதிகமாகப் பெருக்கிறது. நான் சோதித்தபோது இறக்கும்போதெல்லாம் காற்றை வெளியே விட்டு இறக்கினேன். அப்படிச் செய்தால் பலூன் தொய்ந்து அமுங்கும். சாலையில் மேட்டில் ஏறும்போது காற்று வெளியே போவதில்லை. உள்ளேயே நசுங்கி, அழுத்தம் ஏறி, மடிப்பு வெளியே பிதுங்குகிறது. சரியான சோதனை இது: சுண்ணாம்பு தடவு, பலூனில் ஓடும் அழுத்தத்தை வை, வால்வை மூடு, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கை வைத்து வண்டியின் பாரத்தோடு மேலே தூக்கு. செய்தேன். ஐந்திலிருந்து மூன்றரை அங்குலத்துக்கு அமுங்கியபோது ரப்பரில் அதே இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. இரண்டு பக்கமும் குழி விளிம்பை இன்னும் அரை அங்குலம் வெட்டினேன். வெட்டிய விளிம்பில் ஒரு வெல்டை ஓட்டி, விரல் வழுக்கும்வரை அரைத்து உருட்டினேன். பலூன் புதிது. வலதுபக்கத்திலும் கோடு தொடங்கியிருந்ததால் அதையும் மாற்றினேன்.

காற்றுப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. ஐந்து கேலன் டேங்க், இரண்டு கம்ப்ரஸர். அழுத்தம் 165-க்கு இறங்கினால் ஓடி, 200-ல் நிற்கும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து தடித்த கேபிள், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், கம்ப்ரஸர் ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே. நான்கு மூலைக்கும் தனித்தனி வால்வு, தனித்தனிக் குழாய். ஒன்று வெடித்தாலும் ஒரு மூலைதான் இறங்கும். குழாய் லாரி பிரேக்குக்குப் பயன்படும் நைலான் வகை. அதைக் கூரான கத்தியால் ஒரே வெட்டில் நேராக வெட்ட வேண்டும். கோணலாக வெட்டினால் ஃபிட்டிங்கில் எவ்வளவு அழுத்திச் செருகினாலும் கசியும். எனக்கு முதல் நாள் கசிந்த ஐந்து இடத்தில் நான்கு இந்த ஒரே காரணத்தால். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் போகும் இடத்தில் ஒரு சாண் தள்ளிக் கட்டினேன்.

டேங்கின் அடியில் ஒரு வடிகால் வால்வு வைத்ததும் அப்பா சொல்லித்தான். அமுக்கிய காற்று ஆறும்போது அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகத் தங்கும். நாமக்கல் லாரி டிரைவர்கள் ஏர் பிரேக் டேங்கைத் திறந்து தண்ணீர் விடுகிற சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். சான் அன்டோனியோ கோடையில் ஒரு வாரத்துக்கு ஒரு காப்பி டம்ளர் தண்ணீர் வருகிறது. விட்டுவிட்டால் வால்வுக்குள் போய்த் துரு பிடிக்கும், குளிர்காலத்தில் உறைந்தால் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும்.

சக்கரம் 18 அங்குலம், டயர் 215/35. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் பார எண்ணைப் பாருங்கள். என்னுடையது 84, அதாவது ஒரு டயர் 1,102 பவுண்டு தாங்கும். எனக்கு முன்னால் வருவது 870, போதும். தொட்டியில் சிமென்ட் மூட்டை ஏற்ற இந்த டயர் இல்லை. பழைய டயரின் விட்டம் 27 அங்குலம், புதியது 24. அதனால் ஸ்பீடாமீட்டர் 60 மைல் காட்டும்போது உண்மையில் 53 மைல்தான் ஓடுகிறது. வண்டியின் கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்றித் தரும் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்தேன். அலைன்மென்ட்டுக்குப் போனபோது ஒரு கடையில் வண்டியை ஏற்கவே மறுத்தார்கள். இன்னொரு கடையில் இளைஞர் ஒருவர் பொறுமையாகச் செய்தார். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: முன் சேசிஸ் சரியாக ஓடும் உயரத்தில் இருக்கும்படி காற்றை வைத்துத் தருகிறேன், அந்த உயரத்தில் அளவு எடுங்கள். டாஷ்போர்டில் அந்த அழுத்த எண்ணை ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் வண்டி அந்த எண்ணுக்கு வர வேண்டும்.

அந்த எண்: முன்னால் 72, பின்னால் 28. எடைமேடைச் சீட்டுக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது 69, 25. பின்னால் கூடியது, நான்கு கம்பியும் டேங்கும் கம்ப்ரஸரும் சேர்ந்த எடை. முன்னால் மூன்று கூடியதற்குக் காரணம் ஆர்மின் 58 சதவீதம் என்று நான் அளந்தது கொஞ்சம் பிசகியிருக்கலாம், அல்லது ஓட்டுநரான என் எடையில் ஒரு பங்காக இருக்கலாம். காகிதத்தில் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வந்ததைப் பார்த்த அன்று, அப்பாவுக்குச் சீட்டையும் மீட்டரையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

டெக்ஸஸில் 2025 தொடக்கத்திலிருந்து சொந்த உபயோக வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் என் சோதனையை நானே எழுதி வைத்தேன். முதல் 100 மைலில், பிறகு 500 மைலில் எல்லா போல்ட்டும் மறுபடி முறுக்கு. ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் இரும்புக்கு ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு; கோடு உடைந்திருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது. 100 மைலில் வலது கீழ்க் கம்பியின் முன் போல்ட்டில் கோடு உடைந்திருந்தது. லாக் நட்டை மாற்றினேன். 500-ல் எல்லாம் நேராக இருந்தது. வெல்டு ஓரங்களில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரியில் ஹூஸ்டனுக்கு வடக்கே இருக்கும் கான்ரோவில் நடக்கும் பிக்அப் காட்சிக்கு ஓட்டிப் போனோம். இங்கிருந்து ஏறக்குறைய 230 மைல். பெரியவர் பக்கத்தில். ஹூஸ்டனுக்கு முன்னால் நெடுஞ்சாலையில் பாலங்களின் இணைப்புகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மெத்தென்ற அசைவு, அதற்குமேல் இல்லை. அவர் மடியில் திறந்தபடி வைத்திருந்த காப்பி சிந்தவில்லை. அங்கே போய் நிறுத்தியதும் சுவிட்சை அவர் கையில் கொடுத்தேன். முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று அவருடைய பழைய பழக்கப்படி இறக்கினார். சேசிஸ் தார்ச்சாலையில் உட்காரும்போது ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கேபினிலிருந்து இறங்கி, மண்டியிட்டு, சேசிஸுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு டாலர் நோட்டைச் செருகிப் பார்த்தார். போகவில்லை.

இப்போது ஒரே ஒரு வேலை பாக்கி. வலது பின் மூலையில் ஒரு இரவுக்கு 3 பி.எஸ்.ஐ. குறைகிறது. சோப்புத் தண்ணீரில் ஃபிட்டிங் எதிலும் குமிழி வரவில்லை. வால்வுக்குள்தான் கசிவு என்று சந்தேகம். வருகிற சனிக்கிழமை வலது இடது வால்வுகளை இடம் மாற்றிப் போட்டு, கசிவும் இடம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.